மேட்னி ரயில்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். புளிப்பு மிட்டாயைப் போல நாக்குக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். எனக்கு முன்னாலேயே என் வீட்டுக்கு வந்தவள், ஆனாலும் என்னைவிடச் சின்னவள். என் சட்டையைப் போட்டுக்கொண்டாள், என் தம்ளரில் பால் குடித்தாள், என் அம்மாவின் மடியில் எனக்கு இடம் விடாமல் உட்கார்ந்துகொண்டாள். அடிக்கலாம் என்றால் கைக்கு எட்டமாட்டாள், விரட்டலாம் என்றால் போகமாட்டாள். அவள் யார்?

பாறைக்குளத்தில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தவமணிக்கு இதற்கு விடை கண்டுபிடிக்கப் பாதிக் கோடை விடுமுறை பிடித்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பாறைக்குளத்துப் பெண்கள் சினிமா பார்க்கும் முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு எந்த ஊரிலும் யாரும் அப்படிச் சினிமா பார்ப்பதில்லை.

அந்த ஊரில் தெருக்குழாயில் மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். வந்த கொஞ்ச நேரத்திலேயே நின்றும் போகும். பவளம் தியேட்டரில் மேட்னி ஆட்டமோ இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். ஆகவே பெண்கள் குடத்தோடுதான் சினிமாவுக்கு வருவார்கள், தியேட்டர் சுவரோரம் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவார்கள், நான்கு மணி நெருங்கும்போது திரையில் கதாநாயகன் தூக்குமேடையில் நின்றாலும் சரி, கதாநாயகி கைக்குழந்தையோடு மழையில் நின்றாலும் சரி, பெண்கள் பக்கத்து பெஞ்சுகள் மொத்தமும் எழுந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடும். இதனால் அந்த ஊரில் பல வருஷமாக ஒரு பெண்ணும் ஒரு படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. கதாநாயகன் தப்பித்தானா இல்லையா என்று புருஷன்மாரிடம் கேட்டால், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்த புருஷன்மார் ஆளுக்கொரு முடிவைச் சொன்னார்கள்.

கடைசியில் பெண்கள் எல்லோரும் போய் ஆபரேட்டர் லாசரைப் பிடித்துக்கொண்டார்கள். லாசர் நியாயமான ஆள். தண்ணீர் வருகிற நேரத்தை அவரால் மாற்ற முடியாது, ரீலை மாற்ற முடியும். அதனால் மேட்னி ஆட்டத்துக்கு மட்டும் நான்காவது ரீல் முடிந்தவுடன் கடைசி ரீலை எடுத்து ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு இடைவேளை விட ஆரம்பித்தார். பாறைக்குளத்து மேட்னியில் முதலில் 'சுபம்' என்று எழுத்து விழும், அடுத்து 'இடைவேளை' என்று விழும். பெண்கள் முதலையும் முடிவையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவார்கள், நேரம் இருந்தால் திரும்பி வந்து நடுவைப் பார்ப்பார்கள். அப்படியே பார்த்துப் பழகிப்போய், வெளியூரில் கல்யாணமான மகள்கள் அங்கே சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து, "என்ன, இன்னும் முடிவே காட்டல?" என்று கேட்டு மாமியார்களிடம் பேச்சு வாங்கினார்கள்.

அந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு படம் வந்தது. அதன் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஊரே அதை 'ஸ்டேஷன் படம்' என்று சொன்னது. சின்ன ரயில் நிலையம் ஒன்றில் கொடி காட்டுகிறவர் ஒருவர். அவருடைய மனசு எங்கேயோ ஒரு நாளில் நின்றுபோய்விட்டது. தினமும் காலையில் அவருக்கு அதே நாள்தான் விடிகிறது. அவருடைய மனைவி தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, இன்றைக்கு என்ன தேதி, நமக்கு எத்தனை வயது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலிலிருந்து சொல்கிறாள். அவர் கேட்டுக்கொள்கிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. கடைசி ரீலில் அந்த நிலையத்தில் நிற்காத ரயில் ஒன்று மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போகிறது, ஜன்னல் ஜன்னலாகப் போகிறது, எல்லா ஜன்னலும் காலி, அவர் பச்சைக்கொடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்கிறார், சுபம். மற்ற ஊர்களில் இந்தப் படம் வந்த வேகத்தில் பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது.

பாறைக்குளத்து மேட்னியில் கடைசி ரீல் ஓடி, ரயில் வந்தபோது, பூ விற்கிற ஆவுடையம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, பஸ்ஸில் போகிறவரைக் கூப்பிடுவது போலக் கையை ஆட்டினாள்.

"ஏ, எங்க அண்ணம்லா போறான்! அந்தமானுக்குப் போனவன்! தலையெல்லாம் நரைச்சிட்டு பாரேன்!"

"உக்காருங்க மதினி, மறைக்கி. உங்க அண்ணனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. அது எங்க அஞ்சாம் வகுப்பு டீச்சர்," என்றாள் பின்னால் இருந்தவள்.

"உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு? அது எங்க ஆத்தா," என்றாள் இன்னொருத்தி, சொல்லும்போதே அழுதுகொண்டு.

சுபம் விழுந்தது, இடைவேளை விழுந்தது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள், ஏனென்றால் யார் எந்த ரயிலில் போனாலும் தண்ணீர் நான்கு மணிக்குத்தான் வரும். குழாயடியில்தான் விஷயம் தெளிவானது. ரயில் ஒன்றுதான், ஜன்னலும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருத்திக்கும் அதில் உட்கார்ந்து போனது அவளவள் மனசில் அதிகமாக நடமாடுகிற ஆள். இதைப் பேசி முடித்த பிறகு, யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்று வழக்கம்போலச் சண்டை நடந்தது.

இரண்டாம் ஆட்டத்தில், ரீல்களை ஒழுங்கான வரிசையில் ஓட்டியபோது, ரயில் காலியாகத்தான் போயிற்று. அதைப் பார்த்த ஆண்கள் பெண்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள், மறுநாள் மேட்னிக்கு ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் நின்று பார்த்தார்கள், அதன் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து பாறைக்குளத்தில் பொறாமை ஒரு வீடு விடாமல் நுழைந்தது. தையற்கடை நம்பியின் மனைவி ஜன்னலில் யாரைப் பார்த்தாள் என்று சொல்ல மறுத்ததால், நம்பி ஒரு வாரம் யோசனையாகவே இருந்து, வாத்தியாரம்மாவின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்தான். பால் சங்கத் தலைவர் வேலாயுதம் ஜன்னலில் தன்னையே பார்த்தார், அதைப் பெருமையாக வெளியிலும் சொன்னார். ஊரிலேயே நிம்மதியாகத் தூங்கிய மனைவி அவருடைய மனைவி ஒருத்திதான். தெற்குத் தெருவில் ஒரு புருஷனும் மனைவியும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அது அவனுடைய அம்மா. அவன் பாசத்தில் பார்த்தான், அவள் பயத்தில் பார்த்தாள், இருந்தாலும் ஒற்றுமை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். இது வெறும் கண் மயக்கம் என்று நிரூபிக்கப் போன அறிவியல் வாத்தியார் திரும்பி வந்து, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தனக்குப் பூகோளப் பாடம் போதும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "பொண்ணோட ஜன்னல் யாரு?" என்று கேட்டார்கள். பிறகு குழாயடியில் கூடிப் பேசி, யாரும் யாரிடமும் ஜன்னலைப் பற்றிக் கேட்கக் கூடாது, கேட்டாலும் "ரயிலைத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு "ரயிலைத்தான் பாத்தேன்" என்று யாராவது சொன்னாலே சண்டை வந்தது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. தரை டிக்கெட்டுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை.

தவமணி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாளே படத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஜன்னலில் ஒருவரும் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் ரயில் காலியாகத்தான் போயிற்று. அவர்கள் 'கூ' என்று கத்திவிட்டு முறுக்கைத் தின்றார்கள். ஆனால் தவமணி ரயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துவிட்டாள். அவளுடைய அம்மா சொர்ணக்கிளி பீடி சுற்றுகிறவள், காலையிலிருந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையைப் பார்த்துக் குனிந்தே இருப்பவள், தவமணி எது கேட்டாலும் இலையைப் பார்த்தே பதில் சொல்பவள். அந்த அம்மா இருட்டில் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, திரை வெளிச்சம் முகமெல்லாம் பட, இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து தவமணி பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு தனக்கு வந்தது இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கடித்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

குழாயடியில் அவள் கேட்டாள். "யாரம்மா பாத்தே?"

"ரயிலைத்தான் பாத்தேன்."

"பொய். சிரிச்சே."

"ஒரு பாப்பாவைப் பாத்தேன், போதுமா? குடத்தைப் பிடி."

ஒரு பாப்பா. அன்றைக்கே தவமணி தேட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் பிறந்து ஆறு மாதமான மணிப்பயலை அம்மா அடிக்கடி தூக்கிக் கொஞ்சுவாள். அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, யாரும் இல்லாதபோது தொட்டிலுக்குள் கைவிட்டுத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மணிப்பயல் வீடே அதிர அழுதான். அம்மா பீடித்தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் இவன் இல்லை. வீணாகக் கிள்ளிவிட்டோமே என்று தவமணிக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சொர்ணக்கிளி தினமும் மேட்னிக்குப் போனாள். அதற்காகக் காலையில் சீக்கிரம் எழுந்து இன்னும் வேகமாகச் சுற்றினாள், இன்னும் அதிகமாகக் குனிந்தாள். பீடி சுற்றுகிற மற்ற பெண்களிடம் அவள் பேசுவதைத் தவமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"மஞ்சக் கவுன்க்கா. நெஞ்சுல ஒரு பை வச்சது. பையில எப்பவும் பொரிகடலை. முன்னம்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும். ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு என்னயே பாத்துட்டுப் போறாக்கா. 'ம்மா ம்மா'ன்னு வாய் அசையுது. சத்தம்தான் கேக்க மாட்டேங்கு."

"கண்ணு பட்ரும்ளா, சொல்லாத," என்றாள் இன்னொருத்தி.

மஞ்சள் கவுன். தவமணி தகரப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் கைவிட்டு, அந்துருண்டை வாசனையோடு அதை வெளியே எடுத்தாள். நெஞ்சில் பை வைத்தது. பைக்குள் விரலை விட்டால் பொரிகடலைத் தோல் இன்னும் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஒரே போட்டோவில் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து, பாதிப் பல் உடைந்த வாயோடு, மூன்று வயசுத் தவமணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

விடை கிடைத்துவிட்டது. இப்போது நீங்களும் மிட்டாயை வெளியே எடுக்கலாம். ஆனால் விடை கிடைத்தவுடன் தவமணிக்குச் சந்தோஷம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மணிப்பயலாக இருந்திருந்தால் கிள்ளலாம். இவளை எப்படிக் கிள்ளுவது? கிள்ளினால் தனக்குத்தான் வலிக்கும், அதுவும் ஆறு வருஷத்துக்கு முன்னால் வலிக்கும். அவள் போட்டோவுக்கு முன்னால் போய் நின்று நாக்கைத் துருத்தினாள். போட்டோவில் இருந்தவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சங்கரபாண்டியும் மேட்னிக்கு வந்தார். அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர், கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை. படம் முடிந்து வீட்டுக்கு வந்தும் அவர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்ததால் சொர்ணக்கிளி சோற்றுப் பானையை டங்கென்று வைத்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"பெஞ்சுல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். வாயெல்லாம் பல்லு. யாரு அவ, சொல்லுங்க."

"கைக்கடிகாரம் கட்டியிருக்கா," என்றார் சங்கரபாண்டி, சோற்றைப் பிசைந்தபடி. "சேலை கட்டி, பேனா வச்சு, மூக்குக் கண்ணாடி. ஜன்னலோரம் உக்காந்து ஏதோ படிச்சிட்டுப் போறா. நிமிந்துகூடப் பாக்கல. அம்புட்டு கெத்து."

"கடிகாரம் கட்டுனவளா? எந்த ஊருக்காரி?"

"ஏட்டி, கிறுக்கி. நம்ம பிள்ளைதாம்ட்டி. நம்ம தவமணி, பெருசானப்புறம்."

"நம்ம பிள்ளை அப்படியில்லயே. பல்லு உடைஞ்சு, மஞ்சக் கவுனு..."

"அது போன பிள்ளை. நான் சொல்லுதது வரப்போற பிள்ளை."

"போன பிள்ளைன்னு சொல்லாதீக! எங்க போனா? தெனமும் பாக்கேன்லா?"

"என் பிள்ளைதான் நிஜம். உன் பிள்ளை பழசு."

"உங்க பிள்ளை இன்னும் பொறக்கவே இல்ல!"

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தவமணி தட்டிலிருந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். அப்பளம் கேட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. அவளே எழுந்து எடுத்துக்கொண்டாள். இப்போது எதிரிகள் இரண்டு பேர். ஒருத்தி தன்னைவிடச் சின்னவள், ஒருத்தி தன்னைவிடப் பெரியவள். அந்த ரயிலில் இரண்டு பேருக்கும் ஜன்னலோரத்தில் இடம் இருந்தது. நடுவில் இருக்கிற தவமணியை மட்டும் ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை.

மறுநாள் அவள் மஞ்சள் கவுனைப் போட்டுப் பார்த்தாள். தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை, அக்குளில் டர்ரென்று கிழிந்தது. கிழிந்த கவுன் கழுத்தில் தொங்க அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து, "ம்மா, ம்மா, ஊத்தி விது," என்று மழலை பேசினாள். சொர்ணக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். அடுத்து கிழிந்த இடத்தைப் பார்த்தாள்.

"எருமைமாடு மாதிரி வளந்துட்டு, என்னளா பண்ணுத? கவுனைக் கிழிச்சிட்டியே! அவ கவுனைக் கிழிச்சிட்டியே!"

அவ கவுன் என்று அம்மா சொன்னாள். தவமணி அதை நன்றாகக் கேட்டாள். அழக்கூட இல்லை. கவுனைக் கழற்றிப் பீடித்தட்டின் மேல் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள்.

அப்படியே வைகாசி பாதியாகப்போகும் நேரத்தில், ஒரு மேட்னியில், எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாவை முறைத்துப் பார்த்துச் சலித்துப்போன தவமணி ஒரு நிமிஷம் திரையின் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு ரயில் காலியாக இல்லை.

இடைவேளையில் இரண்டு பேரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். தவமணியின் நடையில் ஏதோ மாறியிருந்ததைச் சொர்ணக்கிளி கவனித்தாள்.

"என்னளா, நீயும் யாரையாவது பாத்தியா?"

"ரயிலைத்தான் பாத்தேன்."

"ஏய். சொல்லு."

"ஒரு அம்மாவைப் பாத்தேன்."

சொர்ணக்கிளிக்கு முகம் மலர்ந்தது. "என்னயா?"

தவமணி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. "அந்த அம்மா மடியில தட்டு இல்ல. கை கறுப்பா இல்ல. ரயில் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சி ஒளிஞ்சி எட்டிப் பாத்து, 'தவமணி எங்க, தவமணி எங்க'ன்னு கேக்கா. நான் இங்கதான் இருக்கேன், ஆனா தேடுதா. சிரிக்கா."

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடம் நிறைந்தது. நிறைந்து வழிந்தது. பின்னால் நின்றவள், "ஏ சொர்ணம், குடத்தை எடு, தண்ணி வீணாப் போகுது," என்று கத்தினாள். சொர்ணக்கிளி எடுக்கவில்லை. அவள் தவமணியின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அவ ரொம்ப அழகா இருந்தாளா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் தவமணி.

அன்று சாயங்காலம் சொர்ணக்கிளி பீடி சுற்றவில்லை. கண்ணாடியின் முன்னால் நின்று தலையைச் சீவினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சீவினாள். புகையிலைக் கறை போக எலுமிச்சம்பழத் தோலால் விரல் விரலாகத் தேய்த்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்று, "தவமணி எங்க?" என்றாள். குரல் கரகரப்பாக வந்தது. வீட்டுப்பாடம் எதுவும் இல்லாத லீவு நாளில் வீட்டுப்பாடம் எழுதுவது போலக் குனிந்திருந்த தவமணி, அம்மா இலையைப் பார்த்துப் பதில் சொல்வதைப் போலவே நோட்டைப் பார்த்து, "இங்கதான் இருக்கேன்," என்றாள். சொர்ணக்கிளி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வேறு ஏதோ எடுக்கப் போனவள் போல அடுப்படிக்குப் போனாள்.

வீட்டில் இப்போது யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை. மகள் மஞ்சள் கவுன்காரியின் மேல் பொறாமைப்பட்டாள், அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கிறவளின் மேல் பொறாமைப்பட்டாள். சுவரில் இருந்த போட்டோவில் அந்த இரண்டு பேரும் ஒருத்தி இடுப்பில் ஒருத்தியாக இருந்தார்கள், அவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை.

அந்த வாரமே படப்பெட்டியைத் திரும்பக் கேட்டு ஆள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மேட்னிதான் கடைசி ஆட்டம். முடிந்தவுடன் பெட்டி பஸ்ஸில் ஏறிவிடும். அன்று ஊரே தியேட்டருக்கு வந்தது. ஆவுடையம்மாள் விற்காமல் வைத்திருந்த மல்லிகையையெல்லாம் அண்ணனுக்காகப் பெரிய மாலையாகக் கட்டிக் கொண்டுவந்தாள். தையற்கடை நம்பியும் அவன் மனைவியும்கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு.

வாசலில் சொர்ணக்கிளி மகளின் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு என் பக்கத்துல உக்காருளா."

"மாட்டேன்."

"கடைசி நாளு."

"நீ உன் பாப்பாவைப் பாரு. நான் எதுக்கு?"

"நீயும் உன் அம்மாவைப் பாக்கத்தான வந்திருக்க?" என்றாள் சொர்ணக்கிளி வெடுக்கென்று. அடுத்து, மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த லாசரைப் பார்த்து, "அண்ணாச்சி, இவ என் பக்கத்துல இருக்க மாட்டாளாம். உங்க ரூம்ல ஒரு மூலையில வச்சிக்கிடுங்க. இந்தக் கூட்டத்துல மிதிபட்ருவா," என்றாள்.

"மேல வா. ஆனா எதையும் தொடக்கூடாது," என்றார் லாசர்.

ஆபரேட்டர் அறை சூடாக இருந்தது. மெஷின் தையல் மெஷினைப் போலக் கடகடவென்று ஓடியது. சுவரோரம் ரீல் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண், கடைசி ரீல் டப்பாவுக்கு மட்டும் சிவப்பு டேப். தவமணி ஒரு ஸ்டூலில் ஏறிச் சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள்.

"நீங்க யாரைப் பாப்பீக மாமா?" என்று கேட்டாள்.

"நான் எங்க பாக்க? ரயில் வர்ற நேரத்துலதான் மெஷின் விளக்குல எரியுற கார்பன் குச்சி கரைஞ்சி வெளிச்சம் மங்கும். மங்கினா விசில் அடிப்பாங்க. நான் கார்பனைப் பாப்பேன்."

கீழே பெண்கள் பக்கத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். மூன்றாவது வரிசையில் சொர்ணக்கிளி உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது; அதில் ஒரு துணியை மடித்துப் போட்டிருந்தாள். ஒருத்தி வந்து உட்காரப் பார்த்தாள். சொர்ணக்கிளி கையை வைத்துத் தடுத்தாள். இன்னொருத்தி வந்து சண்டை போட்டாள். சொர்ணக்கிளியின் குரல் மேலே வரைக்கும் கேட்டது.

"ஆளு வருது! எங்க பிள்ளைக்குப் போட்ட இடம்!"

எந்தப் பிள்ளைக்கு என்று தவமணிக்குத் தெரியவில்லை. திரை வெளிச்சம் கூடியபோது அந்தத் துணி மஞ்சளாக இருந்தது. அக்குளில் கிழிந்த இடத்தில் சொர்ணக்கிளி வேறு ஒரு துணி வைத்துத் தைத்திருந்தாள், வைத்துத் தைத்ததில் கவுன் கொஞ்சம் அகலமாகியிருந்தது. அது அந்தப் பாப்பாவுக்குப் பெரிதாக இருக்கும். தவமணிக்குச் சின்னதாக இருக்கும்.

நான்காவது ரீல் முடியும் நேரம். திரையில் கொடிக்காரரின் மனைவி தூக்குச்சட்டியைத் திறந்து, இன்றைக்கு என்ன தேதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே ஆவுடையம்மாள் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். வெளியே சுவரோரம் குடங்கள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்தாவது ரீல் ஓடினால், அது முடியும்போது தண்ணீர் வந்துவிடும், எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குப் பிறகு எப்போதோ வருகிற ரயில் காலியாக வந்து காலி பெஞ்சுகளைக் கடந்து போய்விடும், பெட்டி பஸ் ஏறிவிடும். சிவப்பு டேப் ஒட்டிய ரீல் ஓடினால், மஞ்சள் கவுன்காரி இன்னொரு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். கதவுக்குப் பின்னால் நிற்கிறவளும் வருவாள், எட்டிப் பார்த்து, தவமணி எங்கே என்று கேட்பாள்.

லாசர் ஒரு கையால் கார்பனைத் தள்ளிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்த்தபடி, இன்னொரு கையைப் பின்னால் நீட்டினார்.

"ஏளா, கண்ணெடுக்க முடியல. அந்தச் சிவப்பு டேப் டப்பாவை எடு."

தவமணி ஓட்டை வழியாக அம்மாவின் பக்கத்துக் காலி இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். ஐந்தாம் ரீல் டப்பாவும் சிவப்பு டேப் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே கனம்தான்.

ஐந்தாம் எண் போட்ட டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.